வைக்கோலும் ஈ. கோலையும்

(எங்கள் பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறைக்குப் போனவர்களிடம் இப்படியான மேடைகளில் வழக்கமாக நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசச் சொல்வார்கள். இம்முறை செயற்குழு எங்களுக்குச் சுதந்திரம் தந்தது. அதனால் எரிபொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வைக்கோல், உமி, கரும்புச் சக்கை போன்றவற்றை எரிபொருளாக மாற்றுவதற்கு ஒரு பற்றீரியாவைப் பழக்கி எடுத்த விஞ்ஞானிகளின் கதை இது. அவர்களில் ஒருவர் தமிழ்ப் பெயர் கொண்டவர். அவருடைய பெயரை எங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டதில்லை. நாங்களும் மருத்துவபீடத்தில் படித்த காலத்தில் கேள்விப்பட்டதில்லை.

இதை ஏன் வைத்தியர்கள் பேசவேண்டும் என்று கேட்கலாம். 2022 ஆம் ஆண்டை மறந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கமாட்டார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் தொலைபேசியில் கேட்டிருப்பீர்கள். ஜூன் 27 நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. வைத்தியசாலை அத்தியாவசிய சேவைதான். ஆனால் நோயாளி அத்தியாவசிய சேவை இல்லையே! எங்களை வேலைக்குக் கொண்டுவந்து சேர்க்க ஏதோ ஒரு ஒழுங்கு இருந்தது. நோயாளியைக் கொண்டுவந்து சேர்க்க ஒழுங்கு இருக்கவில்லை. கிளினிக் நாட்களில் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. வெருகல் பக்கத்திலிருந்தும் குச்சவெளிக்கு அப்பாலிருந்தும் வரவேண்டிய கர்ப்பிணித் தாய்மார் தவணை தப்பினார்கள். காலில் சிறு புண்ணோடு வரவேண்டிய நீரிழிவு நோயாளி, புண் கறுத்த பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றப்பட்டு வந்தார். அந்தக் காலைக் காப்பாற்ற எங்களால் முடியவில்லை. அவரைப் போல அந்த வருடம் நாங்கள் பார்த்தவர்கள் வேறும் இருக்கிறார்கள். நோய் அவர்களைக் கொல்லாமல் தூரம் கொன்றது என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு தனி வேடிக்கை உண்டு. சீனக்குடாப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், காட்டுக்குள் நிற்கும் அந்த எண்ணெய்த் தாங்கிகளை. பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கட்டியவை. இன்று 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அங்கே ஒரு தாங்கி எரிந்த கதையை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். 2003 இல் அவை இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளைக்குக் குத்தகைக்குப் போயின. 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கை வந்தது: 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அது கையொப்பமாகி ஆறு மாதத்தில் ஊரே கலனோடு வரிசையில் நின்றது. தாங்கிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாக வெறுமையாகவே கிடந்தவை. தாங்கி இருப்பதும் எண்ணெய் இருப்பதும் ஒன்றல்ல என்று எங்களுக்கு விளங்கியது அப்போதுதான்.

அந்த வரிசைகளில் நின்றபோது கேட்ட கேள்விதான் இந்த உரைக்கு வித்து. தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடை முடிந்தால் வயலெங்கும் வைக்கோல். கந்தளாயில் சீனித் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் கரும்புச் சக்கை மலைபோல் கிடந்தது. இதையெல்லாம் எரிபொருளாக்க முடியாதா என்று எங்களோடு நின்ற ஒரு ஓட்டோச் சாரதித் தம்பி கேட்டார். முடியும் என்று சொன்னோம். எப்படி என்று கேட்டார். அவருக்கு அன்று சரியாகச் சொல்ல நேரமிருக்கவில்லை, வரிசை நகர்ந்துவிட்டது.

முதலில் வைக்கோலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஏ.எல். உயிரியல் படித்தவர்களுக்குச் செலுலோசு நினைவிருக்கும். குளுக்கோசு மூலக்கூறுகள் மணிமாலை போலக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி அது. அதைச் சுற்றி அரைச்செலுலோசு என்று இன்னொன்று. அதை உடைத்தால் பெரும்பாலும் சைலோசு என்ற ஐந்து காபன் வெல்லம் வரும். இவை இரண்டையும் சீமெந்து பூசியதுபோல் இறுக்கிப் பிடித்திருப்பது இலிக்னின். ஆக, வைக்கோலில் பாதிக்கு மேல் வெல்லம்தான். ஆனால் பூட்டிவைத்த வெல்லம். மாடு அதைத் திறக்கும், அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களின் தயவால். எங்களால் முடியாது.

வெல்லத்தைச் சாராயமாக்க எங்களுக்குத் தெரிந்த பழைய வேலையாள் மதுவம். பாண் பொங்க வைப்பதும் அதுதான். மதுவம் குளுக்கோசை விரும்பிச் சாப்பிடும், சைலோசைத் தொடாது. வைக்கோலிலிருந்து வரும் வெல்லத்தில் ஒரு பெரும் பங்கை அது அப்படியே விட்டுவிட்டால் ஆலை நட்டத்தில் ஓடும். எனவே சைலோசையும் சாப்பிடக்கூடிய ஓர் உயிர் வேண்டும்.

அந்த உயிரை வைத்தியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஈ. கோலை. சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் நாங்கள் கிழமைக்குப் பலமுறை பார்க்கும் பெயர். பெண்களுக்கு வரும் நீர்த்தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணம். பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் அது வளர்ந்தால் அன்றிரவு எங்களுக்கு நித்திரை இல்லை. அதே சமயம் எங்கள் எல்லோருடைய குடலிலும் அது சாதுவாகவும் குடியிருக்கிறது. நீரிழிவு நோயாளிக்குப் போடும் மனித இன்சுலின் 1982 இல் அமெரிக்காவில் முதலில் விற்பனைக்கு அனுமதி பெற்றபோது அதைச் செய்து தந்ததும் ஈ. கோலைதான். ஒரு குலத்தில் திருடனும் இருப்பான், வைத்தியனும் இருப்பான் அல்லவா? அப்படித்தான். ஆய்வுகூடத்தில் வேலைக்கு எடுக்கப்படும் இனங்கள் நோய் செய்யும் இனங்கள் அல்ல.

ஈ. கோலை குளுக்கோசையும் சாப்பிடும், சைலோசையும் சாப்பிடும், வைக்கோலில் இருக்கும் மற்ற வெல்லங்களையும் விடாது. ஆனால் ஒட்சிசன் இல்லாத இடத்தில் அது செய்வது ஒரு கலவைச் சமையல்: கொஞ்சம் அசற்றிக் அமிலம், கொஞ்சம் இலற்றிக் அமிலம், கொஞ்சம் போமிக் அமிலம், கொஞ்சம் எதனோல். எதனோல் மட்டும் வேண்டுமென்றால் மற்றப் பானைகளை அடுப்பிலிருந்து இறக்கவேண்டும்.

புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் லொனி இங்கிராம் என்ற நுண்ணுயிரியலாளர் 1980களில் இதைச் செய்யத் துணிந்தார். எதனோல் செய்வதில் கெட்டிக்காரியான இன்னொரு பற்றீரியா இருக்கிறது, சைமோமோனாஸ். மெக்சிக்கோவில் கற்றாழை இனச் செடியின் சாறு புளிக்கும் பானத்திலும், வெப்பநாடுகளில் பனை, தென்னை இனங்களின் சாறு புளிக்கும் கள்ளிலும் அது இருக்கும். பனங்காணிகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு இது புதினமில்லை. காலையில் இறக்கிய கருப்பணி சுண்ணாம்பு தடவாத முட்டியில் மத்தியானத்துக்குள் நுரைக்கத் தொடங்குவது ஏன் என்று எங்கள் அம்மம்மாமார் கேட்கவில்லை, தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த நுரைக்குப் பின்னால் மதுவத்தோடு சேர்ந்து உழைப்பவர்களில் இந்தச் சைமோமோனாசும் ஒன்று.

சைமோமோனாசின் திறமை இரண்டே இரண்டு பரம்பரையலகுகளில் இருக்கிறது. ஒன்று பைருவேற்றிலிருந்து காபனீரொட்சைட்டைக் கழற்றும் நொதியத்தைச் செய்யும். மற்றது மிஞ்சியதை எதனோலாக்கும் நொதியத்தைச் செய்யும். இங்கிராம் குழுவினர் இந்த இரண்டையும் எடுத்து ஈ. கோலைக்குள் வைத்தார்கள். 1987 இல் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1991 மார்ச் 19 அன்று அந்தக் கண்டுபிடிப்புக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் இலக்கம் 50,00,000. ஐம்பது இலட்சமாவது காப்புரிமை ஒரு குடல் பற்றீரியாவுக்குப் போனது. (உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை பெற முடியும் என்ற கதவைத் திறந்தவரும் எங்கள் பக்கத்து மனிதர்தான். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரபர்த்தி எண்ணெயைத் தின்னும் பற்றீரியாவுக்காக வாதாடி 1980 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் வென்றார். துறைமுகத்து மக்களாகிய எங்களுக்கு அவரைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே வைக்கலாம்.)

1991 இல் அந்தக் குழு செய்த இனத்துக்குப் பெயர் கேஓ11. வெல்லத்தின் எடையில் ஆகக்கூடியது 51 வீதமே எதனோலாக வரமுடியும். மிச்சம் காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். கேஓ11 அந்த எல்லைக்கு மிகக் கிட்டப் போனது, குளுக்கோசிலும் சைலோசிலும். இதில் வைத்தியர்களுக்கு இனிக்கும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. கேஓ11 ஐ ஈ. கோலையின் 'பி' இனத்திலிருந்து செய்ததாகத்தான் எல்லோரும் நெடுங்காலம் நம்பினார்கள். இருபது ஆண்டுக்குப் பிறகு அதன் மரபுத்தொடர் முழுவதையும் வாசித்தபோது அது 'டபிள்யூ' இனம் என்று தெரிந்தது. அந்த இனத்தை முதலில் பிரித்தெடுத்தவர் செல்மன் வக்ஸ்மன். காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் தந்த அதே வக்ஸ்மன்.

இனி எங்கள் மனிதருக்கு வருவோம். இங்கிராமின் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பவர்கள் பலவற்றின் கடைசிப் பெயர்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பார்கள்: கே. ரி. ஷண்முகம். கீழ்நத்தம் ஷண்முகம். புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1970களில் கலிபோர்ணியாவில் றேமண்ட் வலன்ரைன் என்பவரோடு சேர்ந்து, காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து உரமாக்கும் பற்றீரியாக்களைப் பற்றி ஆராய்ந்தவர். உரம், எரிபொருள் என்று அவர் தேர்ந்தெடுத்த இரண்டும் எங்கள் நாட்டை 2021 இலும் 2022 இலும் அடுத்தடுத்து உலுக்கிய இரண்டு என்பது தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

ஷண்முகத்தின் வேலைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது 2007 இல் வெளிவந்த ஒன்று. இங்கிராம் வழியில் வெளியிலிருந்து பரம்பரையலகு கொண்டுவரப்பட்டது. ஷண்முகம் குழு கேட்ட கேள்வி வேறு: இரவல் எதுவும் இல்லாமல், ஈ. கோலை தன் சொந்தக் கையிருப்பைக் கொண்டே எதனோல் மட்டும் செய்யக் கூடாதா?

அது ஏன் செய்யவில்லை என்பதைக் கணக்குப் புத்தகமாக நினைத்துக்கொண்டால் விளங்கும். ஒட்சிசன் இல்லாமல் வாழும் கலம் ஒவ்வொரு நாளும் ஐந்தொகையைச் சமப்படுத்தியாக வேண்டும். ஒரு குளுக்கோசை உடைக்கும்போது என்ஏடிஎச் என்ற நாணயம் இரண்டு கையில் வரும். அந்த நாணயத்தைச் செலவழித்துவிட வேண்டும். தேங்கினால் வேலை நின்றுவிடும். ஈ. கோலையின் வழக்கமான பாதையில் ஒரு குளுக்கோசிலிருந்து இரண்டு எதனோல் செய்ய நான்கு நாணயம் வேண்டும். கையில் இருப்பதோ இரண்டு. அதனால்தான் அது பாதியை எதனோலும் மீதியை அசற்றிக் அமிலமும் ஆக்கிக் கணக்கை முடிக்கிறது. நாலு பேருக்குச் சமைக்க இரண்டு பேருக்கான அரிசி இருந்தால் கஞ்சியாக்குகிறோமே, அதுபோல.

குறைந்த இரண்டு நாணயத்தையும் தரக்கூடிய ஒரு நொதியத் தொகுதி ஈ. கோலையிடம் ஏற்கெனவே இருக்கிறது. பைருவேற்று டிஹைட்ரொஜனேஸ் என்று பெயர். எங்கள் கலங்களிலும் இருப்பதுதான். தயமின் குறைந்தால் நொண்டுபவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் ஒட்சிசன் இல்லாதபோது என்ஏடிஎச் கூடிவிடுவதால் இந்தத் தொகுதி வாயை மூடிக்கொள்ளும். ஷண்முகம் குழுவினர் செய்த தந்திரம் இதுதான்: ஈ. கோலை நாணயம் செலவழிக்கும் மற்ற வழிகளில் முக்கியமான இரண்டை அடைத்துவிட்டார்கள். ஒட்சிசன் இல்லாமல் அது இனி வளரவே முடியாது. அப்படிப்பட்ட கோடிக்கணக்கான கலங்களைப் பிறழ்வுக்கு உட்படுத்தி, ஒட்சிசன் இல்லாத இடத்தில் விட்டு, எது பிழைக்கிறது என்று காத்திருந்தார்கள். பிழைத்ததைப் பிடித்துப் பார்த்தபோது அது பெரும்பாலும் எதனோலையே செய்துகொண்டிருந்தது. மாற்றம் எங்கே என்று தேடினால் அந்த நொதியத் தொகுதியின் ஓர் உறுப்பில். என்ஏடிஎச் கூடினாலும் வாய் மூடாத ஒரு சிறு பிறழ்வு. வேறு உயிரின் பரம்பரையலகு ஒன்றுகூட இல்லை.

வைத்தியசாலையில் நுண்ணுயிர்கொல்லிக்குப் பணியாத பற்றீரியாக்கள் உருவாவதும் இதே வழியில்தான். நெருக்கடி கொடுக்கிறோம், ஆயிரம் சாகிறது, ஒன்று வழி கண்டுபிடிக்கிறது. நாங்கள் வார்ட்டில் அஞ்சுவதையே அவர் ஆய்வுகூடத்தில் வேலைக்கு அமர்த்தினார். டெல்லியில் உள்ள சர்வதேசப் பரம்பரைப் பொறியியல், உயிர்த்தொழில்நுட்ப நிலையத்தில் சையத் ஷம்ஸ் யஸ்தானியின் குழுவும் பின்னர் இதே திசையில், ஈ. கோலையின் சொந்தப் பாதைகளைத் திருத்தி எதனோல் எடுக்கும் வேலையை 2012 இல் வெளியிட்டது.

நுண்ணுயிர்கொல்லி பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். கேஓ11 இனத்துக்குள் குளோராம்பெனிகோல் மருந்துக்குப் பணியாத பரம்பரையலகு ஒன்றும் இருந்தது. அதைச் செய்யும்போது தெரிவுக்காக வைக்கப்பட்டது. இலட்சக்கணக்கான லீற்றர் தாங்கிகளில் வளர்க்கப்போகும் உயிருக்குள் அப்படியொன்று இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சம்மதமில்லை. அதே ஆய்வுகூடம் பின்னர் வந்த இனங்களில் அதைக் கழற்றியது. வைத்தியர்கள் கேட்க நினைத்த கேள்வியை நுண்ணுயிரியலாளர்களே கேட்டுச் சரிசெய்தார்கள் என்பதில் எங்களுக்குத் திருப்தி.

ஷண்முகத்தின் மூன்றாவது வேலை ஒன்றையும் சுருக்கமாகச் சொல்கிறோம், அது எங்கள் சத்திரசிகிச்சைக்கூடம் வரை வருவதால். செலுலோசை உடைக்கும் நொதியங்கள் 50 பாகை செல்சியஸ் அளவில் நன்றாக வேலை செய்யும்; ஈ. கோலையும் மதுவமும் அந்தச் சூட்டில் தாக்குப்பிடிக்காது. ஆகவே சூட்டைக் குறைக்கவேண்டும், விலைகூடிய நொதியத்தைக் கூடுதலாகக் கொட்டவேண்டும். அவர் குழு, அந்தச் சூட்டிலேயே சுகமாக வளர்ந்து சைலோசையும் சாப்பிடும் பசிலஸ் கோகுலன்ஸ் என்ற பற்றீரியாவின் இனங்களை மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் தேடி எடுத்தது. அது தருவது இலற்றிக் அமிலம். அந்த அமிலத்தைக் கோத்தால் மண்ணில் மக்கும் பிளாஸ்ரிக் வரும். உடலுக்குள் தானே கரைந்துபோகும் தையல்நூல்கள் சிலவும் அந்தக் குடும்பத்துப் பொருள்தான். சிசேரியன் செய்துகொண்ட அக்காமார் பலர் அதைச் சுமந்து, கரைத்தும் விட்டிருப்பீர்கள்.

இவ்வளவு கெட்டித்தனம் இருந்தும் ஏன் எங்கள் எரிபொருள் நிலையத்தில் வைக்கோல் எதனோல் வரவில்லை? பிள்ளைகளே, இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். ஆய்வுகூடத்தில் வென்றது தொழிற்சாலையில் தோற்கலாம். இங்கிராமின் கண்டுபிடிப்பைப் பெற்ற நிறுவனம் லூசியானாவில் மாதிரி ஆலை கட்டியது. பெயர் மாறி மாறி, 2010 இல் அந்தத் தொழிலை பிபி எண்ணெய் நிறுவனம் வாங்கியது. புளோரிடாவில் பெரிய ஆலை கட்டும் திட்டத்தை பிபி 2012 இல் கைவிட்டது. டியூபொன்ட் நிறுவனம் ஐயோவா மாநிலத்தில் சோளத் தட்டையிலிருந்து எதனோல் எடுக்கும் பிரமாண்டமான ஆலையை 2015 இல் திறந்து 2017 இல் மூடியது. பற்றீரியாவின் பிழை அல்ல. வைக்கோல் காற்றைச் சுமக்கும் பொருள். லொறி நிறைந்தாலும் எடை ஏறாது. இலிக்னின் சீமெந்தை உடைக்க அமிலமும் உயர் வெப்பமும் வேண்டும், அப்படி உடைக்கும்போதே பற்றீரியாவுக்கு நஞ்சான பேர்பூரல் போன்ற பொருட்கள் உருவாகின்றன. இதற்கிடையில் 2014 இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்தது. மசகு எண்ணெய் மலிந்தால் வைக்கோலைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

அயலில் ஒரு முயற்சி நடக்கிறது. இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் பானிப்பட்டில், ஏறத்தாழ 900 கோடி இந்திய ரூபா செலவில் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனம் கட்டிய ஆலை 2022 ஓகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கோலிலிருந்து 3 கோடி லீற்றர் எதனோல் எடுப்பது திட்டம். வயலில் வைக்கோலை எரித்து டெல்லியின் மூச்சை அடைப்பதற்கு ஒரு மாற்றாகவும் அதைச் சொல்கிறார்கள். எங்கள் சீனக்குடாத் தாங்கிகளில் பங்குள்ள நிறுவனத்தின் தாய் நிறுவனம்தான் அது.

அந்தக் கணக்கை எங்கள் ஊர் வயலில் வைத்துப் பார்த்தோம். 2 இலட்சம் தொன்னுக்கு 3 கோடி லீற்றர் என்றால் ஒரு தொன்னுக்கு 150 லீற்றர். ஒரு ஏக்கரில் ஒரு போகத்துக்கு ஒன்றே முக்கால் தொன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டால் சுமார் 260 லீற்றர் எதனோல். எதனோலில் உள்ள சக்தி பெற்றோலில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக அது ஏறத்தாழ 170 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். கியூஆர் அட்டை வந்த புதிதில் ஒரு ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் தந்தார்களே, அந்தக் கணக்கில் ஒரு ஏக்கர் வைக்கோல் ஒரு ஓட்டோவை 34 கிழமை ஓட்டும். அந்தச் சாரதித் தம்பிக்கு அன்று சொல்ல முடியாமல் போன விடை இது. ஆனால் பானிப்பட் அளவு ஆலை ஒன்றின் பசியை ஆற்ற ஓர் இலட்சத்துப் பதினான்காயிரம் ஏக்கர் அறுவடை வேண்டும். அந்த எண்ணைக் கேட்டால் அவர் சிரித்திருப்பார்.

இன்னொரு உண்மையும் உண்டு. எதனோலைப் பெற்றோலோடு கலக்கலாம். 2022 இல் எங்கள் நோயாளிகளை வீட்டில் முடக்கியது பெரும்பாலும் டீசல் இல்லாமையே: பஸ், அம்பியூலன்ஸ், உழவு இயந்திரம், வைத்தியசாலையின் மின்பிறப்பாக்கி எல்லாம் டீசல். கரையோரத்துப் படகுகளுக்கு மண்ணெண்ணெய். எதனோல் ஆலை ஒன்று அன்று கந்தளாயில் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த மனிதரின் கால் தப்பியிருக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது.

இந்த விடயத்தை ஏ.எல். பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் பேசியபோது, தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "மிஸ், வைக்கலை எல்லாம் ஆலைக்குக் குடுத்திட்டா மாடு என்னத்தைத் தின்னும்?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அதுதான் சரியான கேள்வி. தாவரக் கழிவு என்று நாங்கள் எழுதுகிறோம், பேசுகிறோம். கழிவு என்பது பட்டணத்துச் சொல். கமக்காரனுக்கு அது மாட்டுத் தீன், வயலுக்குப் போடும் பசளை. ஒரு தொன் வைக்கோலில் 15 கிலோ அளவுக்குப் பொற்றாசியம் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தி, நவம்பரில் தடையை எடுத்தார்களே, அந்தப் போகத்தில் வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே விட்டவர்கள் அதன் பெறுமதியை அறிவார்கள். எரிக்கும் வைக்கோலை எடுப்பது ஒன்று, மாடு தின்னும் வைக்கோலை எடுப்பது இன்னொன்று. இதைப் பிரித்துப் பார்க்காத எந்தத் திட்டமும் எங்கள் மாவட்டத்துக்கு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அப்படியானால் எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஏற்கெனவே ஓரிடத்தில் குவிந்து கிடப்பவை இருக்கின்றன: மர ஆலைகளின் மரத்தூள், நெல் ஆலைகளின் உமி, கந்தளாய்க் கரும்பு மீண்டும் வந்தால் அதன் சக்கை. உமியில் மண்ணும் இலிக்னினும் கூட, அதனால் அதை எரித்து மின்சாரம் எடுப்பதே இப்போதைக்குச் சுகம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மற்றவற்றுக்குப் பெரிய ஆலை இல்லாவிட்டாலும் பரிசோதனை அளவில் செய்து பார்க்க யாரும் தடுக்கவில்லை. எங்களிடம் குறைவது செய்து பார்க்கத் தெரிந்த கைகள். எங்கள் காலத்தில் உயிரியல் வகுப்புக்கு ஒரேயொரு நுணுக்குக்காட்டி. வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பார்த்தோம். வெங்காயத் தோலைப் பார்த்தது நினைவிருக்கிறது, பற்றீரியாவை ஒருநாளும் பார்க்கவில்லை. ஈ. கோலையை நாங்கள் முதலில் கண்டது மருத்துவபீடத்தில்தான்.

இன்றைக்கு அப்படி இருக்கத் தேவையில்லை. பிள்ளைகள் சென்ற தவணையில் ஒரு சிறு பரிசோதனை செய்தார்கள். காலையில் இறக்கிய கருப்பணியை மூன்று போத்தல்களில் ஊற்றினார்கள்: ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றைக் கொதிக்கவைத்து ஆறவைத்தது, ஒன்று அப்படியே. மூன்றின் வாயிலும் பலூன் கட்டினார்கள். மதிய இடைவேளைக்குள் மூன்றாவது பலூன் எழும்பி நின்றது. பொறுப்பாசிரியை அறிக்கையில் 'கள்ளு' என்று எழுதக்கூடாது, 'நொதித்த பனஞ்சாறு' என்றே எழுதவேண்டும் என்று கட்டளையிட்டதாகக் கேள்வி. அடுத்த தவணையில் அதிலிருந்து பற்றீரியாக்களைப் பிரித்து அகார் தட்டில் வளர்க்க விரும்புகிறார்கள். அதற்கு ஓர் அடைகாப்புப் பெட்டி, அழுக்கக் கலன், அகார், இரண்டு நல்ல நுணுக்குக்காட்டிகள் வேண்டும். அழுக்கக் கலனுக்குப் பதிலாகப் பெரிய பிரஷர் குக்கரே போதும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம். பட்டியல் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. வெளிநாட்டு அக்காமார் பொருளாக அனுப்புவதானால் மின்னழுத்தம் 230 வோல்ற்றா என்று பார்த்து அனுப்புங்கள். முன்பு வந்த ஓர் உபகரணம் 110 வோல்ற்றுக்கானது, இன்னும் பெட்டியில் இருக்கிறது.

மூன்று போத்தல்களும் உயிரியல் ஆய்வுகூட மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. தேநீர் இடைவேளையில் போய்ப் பாருங்கள். செய்த பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள், கேட்டால் விளக்குவார்கள். மாட்டைப் பற்றிக் கேட்ட பிள்ளையும் அங்கே நிற்பாள்.